கயிற்றைக் கையில் சுற்றாதே

(கிருஷ்ணகிரி மாவட்டம் குந்தாரப்பள்ளியில் ஆடி மாத ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வருகிற வழியில் ஹைவே ஓரத்து டீக்கடையில் ஒரு பெரியவர் நம் கூட்டத்து நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தார். "பட்டம் விடுறதுக்கெல்லாமா பேச்சு வைக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டார். பேசப்போகிற ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. "வேற வேலை இல்ல போலிருக்குங்க" என்று நானும் ஒத்துப் பாடிவிட்டு வந்துவிட்டேன். அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, மன்னிக்கணும். வந்ததற்கு நன்றி.

நான் கடலோரத்தில் பிறந்தவன் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதன்முதலில் கடலைப் பார்த்தபோது எனக்கு வயது பத்தொன்பது. கைட் சர்ஃபிங் என்கிற இந்த விளையாட்டை நாற்பதைத் தாண்டித்தான் கற்றேன், அதுவும் பாதிதான் கற்றிருக்கிறேன். இங்கே என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் திறமை இல்லை. இந்த வட்டாரத்தில் இதைச் செய்கிற ஆள் வேறு யாரும் நோட்டீஸ் அடித்தவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

விளையாட்டு இதுதான். ஒரு பெரிய பட்டம், அதிலிருந்து நாலு கயிறு, கயிற்றின் முனையில் ஒரு கம்பி, கம்பியைப் பிடித்திருப்பவன் இடுப்பில் ஒரு பட்டை, காலுக்குக் கீழே ஒரு பலகை. பட்டம் இழுக்க, ஆள் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போவான். இன்ஜின் இல்லை, பெட்ரோல் இல்லை, அலைகூட வேண்டியதில்லை. காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும்.

இந்த இடத்தில் காற்றை ஆண்ட நம் முன்னோரைப் பற்றிச் சங்கப் பாட்டு ஒன்றை எடுத்துவிடுவது மேடை வழக்கம். அதை விட்டுவிட்டு உங்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போகிறேன், ஏனென்றால் அந்தக் கதை நம் கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கு ரொம்ப நெருக்கமானது. இருநூறு வருடத்துக்கு முன்னால் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் போகாக் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பட்டப் பைத்தியம். சின்ன வயதுப் பெண்ணான தன் மகள் மார்த்தாவையே நாற்காலியில் உட்கார வைத்து, பட்டத்தில் கட்டி, மேலே ஏற்றி இறக்கியவர். அந்த மார்த்தா பிறகு வளர்ந்து கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பெற்றார். அதில் ஒருவர்தான் கிரிக்கெட்டின் பிதாமகர் என்று சொல்கிற டபிள்யூ. ஜி. கிரேஸ். அன்றைக்கு அந்தக் கயிறு அறுந்திருந்தால் கிரிக்கெட்டின் கதை என்ன ஆகியிருக்குமோ.

அந்த வாத்தியார் 1826இல் பட்டம் இழுக்கிற வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரையே இல்லாமல் பட்டத்தை மட்டும் கட்டி நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டினார். அந்தக் காலத்தில் அங்கே சுங்கச்சாவடியில் எத்தனை குதிரை என்று எண்ணித்தான் காசு வாங்குவார்கள். இவர் வண்டியில் குதிரை இல்லை. பட்டத்துக்கு இவ்வளவு என்று ரேட்டு போர்டிலும் இல்லை. சுங்கக்காரர் தலையைச் சொறிய, வாத்தியார் காசு கொடுக்காமலே போய்விட்டார் என்று கதை. ஃபாஸ்டேக் வைத்திருக்கிற நமக்கு இது பொறாமையான கதை.

நிலத்தில் ஓடியது தண்ணீரில் ஓடுவதற்கு ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? காரணம் சின்னது. பட்டம் தண்ணீரில் விழுந்தால் நனைந்து மூழ்கிவிடும், மறுபடி எழும்பாது. நடுக்கடலில் பட்டம் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அதைத் தீர்த்தவர்கள் பிரான்சின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த லெகென்யூ சகோதரர்கள், புரூனோவும் டொமினிக்கும். பட்டத்தின் விளிம்பில் காற்றடைத்த குழாயை வைத்தார்கள். விழுந்தாலும் மிதக்கும், கயிற்றைச் சுண்டினால் மறுபடி எழும்பும். 1984 நவம்பரில் காப்புரிமை வாங்கினார்கள். வாங்கி வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் கம்பெனி கம்பெனியாக அலைந்தார்கள். வாங்க ஆள் இல்லை. 1990களின் கடைசியில் தாங்களே விப்பிக்கா என்ற பெயரில் விற்க ஆரம்பித்த பிறகுதான் ஹவாய்த் தீவில் பிடித்து உலகமெல்லாம் பரவியது. இன்றைக்குக் கடையில் இருக்கிற பட்டங்களில் பெரும்பாலானவை அந்தக் குழாயின் பிள்ளைகள்தான்.

இதோ, நான் கொண்டுவந்திருப்பதைப் பாருங்கள். தம்பி, அந்த முனையைப் பிடித்து விரி. இந்த ஆட்டக்காரர்கள் இதைக் கைட் என்றுதான் சொல்கிறார்கள், நான் பட்டம் என்றே சொல்கிறேன். முன்பக்கம் இருக்கிற தடித்த குழாய்தான் நான் சொன்ன விளிம்பு. பம்ப் வைத்து அடிக்கிறோம். பைக் டயருக்கு 28 அடிக்கிறோம் இல்லையா, இதற்கு 6லிருந்து 8 போதும். துணி பாலியஸ்டர். பர்கூர் ஜவுளிக் கடையில் கிடைக்கிற பாலியஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டே வந்து பாருங்கள், கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடுகிறது. ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த கட்டத்தோடு நின்றுவிடும். உலகத்தில் விற்கிற பட்டங்களில் கணிசமானவை பக்கத்தில் இருக்கிற இலங்கையில் தைக்கப்படுகின்றன. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிற தங்கைகள் இங்கே இருக்கிறீர்கள், இந்தத் தையலைத் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

இந்தப் பட்டம் 11 சதுர மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றின் தரையைப் பெயர்த்து வானத்தில் நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அளவு.

அந்த அறையைக் காற்று எவ்வளவு இழுக்கும்? இதைப் புரிந்துகொள்ள கடலுக்குப் போக வேண்டாம், ஓசூர் பஸ் போதும். பஸ் முப்பதில் போகும்போது ஜன்னலில் உள்ளங்கையை வைத்தால் காற்று தள்ளுவது தெரியும். அறுபதில் போகும்போது வைத்துப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்குதான், ஆனால் தள்ளுவது நாலு மடங்கு. (கண்டக்டர் திட்டுவார். இதைச் செய்யச் சொன்னது நான் என்று சொல்லாதீர்கள்.) காற்றின் வேகம் கூடக்கூட அதன் விசை வர்க்கத்தில் ஏறும். இந்த விளையாட்டில் ஆட்கள் அடிபடுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு மூளைக்கு ஏறாததுதான். காலையில் நன்றாக இழுத்த பட்டத்தையே மத்தியானம் எடுத்துக்கொண்டு போவார்கள். காற்று கொஞ்சம்தான் கூடியிருக்கும் என்று நினைப்பார்கள். பட்டம் அப்படி நினைக்காது.

கடலில் காற்றை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். பட்டத்தின் அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு கைக்கணக்கு இருக்கிறது. உங்கள் எடையை 2.2ஆல் பெருக்கி, காற்றின் நாட் வேகத்தால் வகுங்கள். எழுபது கிலோ ஆள் என்றால் 154. காற்று 14 நாட் அடித்தால் 11 சதுர மீட்டர் பட்டம். 22 நாட் அடித்தால் 7. அதனால்தான் இந்த ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று பட்டம் வைத்திருக்கிறார்கள். கடலைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம்: அலையின் தலையில் அங்கங்கே வெள்ளையாக நுரை உடைய ஆரம்பித்தால் 12 நாட் பக்கம் வந்துவிட்டது.

மேல் எல்லை எங்கே என்று கேட்டால் பாம்பன் பாலத்தைச் சொல்வேன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்றை அளக்கிற கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாது. அதாவது 31 நாட். பல டன் எடையுள்ள ரயிலே நின்றுவிடுகிற காற்றில் எழுபது கிலோ ஆளுக்கு என்ன வேலை?

இப்போது கம்பிக்கு வருகிறேன். இதை முதல் வரிசையில் இருந்து கைமாற்றிப் பின்னால் அனுப்புங்கள், யாரும் கழற்றாதீர்கள். கயிறுகள் நாலு, ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்கு மேல். ஷூ நாடா மாதிரி மெல்லிசாக இருக்கிறதே என்று இழுத்துப் பார்க்காதீர்கள், கை அறுந்துவிடும். நடுவில் போகிற இரண்டும் பட்டத்தின் முன்விளிம்புக்குப் போகின்றன. அவைதான் பாரத்தைத் தாங்குகின்றன. அந்தப் பாரம் உங்கள் கைக்கு வராது. கம்பியின் நடுவில் இருக்கிற இந்த ரப்பர் வளையம் வழியாக இடுப்புப் பட்டையின் கொக்கிக்குப் போய்விடும். கம்பியின் இரண்டு முனையிலிருந்து போகிற கயிறுகள் பட்டத்தின் பின் மூலைகளுக்கு. வலது பக்கம் இழுத்தால் பட்டம் வலது பக்கம் போகும், இடது பக்கம் இழுத்தால் இடது. சைக்கிள் ஹாண்டில் போலத் திருப்பக் கூடாது, இழுக்க வேண்டும்.

முக்கியமானது அடுத்தது. கம்பியை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் பின் கயிறுகள் இறுகும், பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் காட்டும், இழுவை ஏறும். கம்பியை உங்களைவிட்டுத் தள்ளினால் பின் கயிறுகள் தளரும், பட்டம் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்துக் காற்றை வழியவிடும், இழுவை இறங்கும். ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டும் இந்த ஒரு முழம் தூரத்தில்தான்.

கேட்க எளிது. ஆனால் பயந்த மனிதன் என்ன செய்வான்? கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். பஸ்ஸில் சடன் பிரேக் போட்டால் நாம் அதைத்தான் செய்கிறோம். இங்கே அப்படிச் செய்தால் ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்குகிறீர்கள் என்று அர்த்தம். இழுவை ஏற பயம் ஏறும், பயம் ஏற இன்னும் இறுக்குவான்.

இது எனக்கு நடந்தது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மூன்றாவது நாள். முதல் இரண்டு நாள் நன்றாகப் போனதில் கொஞ்சம் திமிர். பட்டம் தலைக்கு மேலே நின்றது. ஒரு வேகக் காற்று வந்து பட்டம் சற்றுச் சாய்ந்தது. நான் கம்பியை நெஞ்சுக்கு இழுத்தேன். அடுத்த நொடி நான் தண்ணீரில் குப்புற இழுபட்டுக்கொண்டிருந்தேன். ஆழம் முழங்கால் அளவுதான். அதனால் அடியில் கிடந்த கிளிஞ்சல் எல்லாம் முழங்காலைப் பதம் பார்த்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், பக்கத்து மீனவர் குப்பத்துப் பையன். பின்னாலேயே ஓடிவந்து கத்துகிறான்: "அண்ணே, கம்பிய விடுங்கண்ணே! விடுங்க! ரெண்டு கையையும் எடுங்க!" எனக்குக் கேட்கிறது. ஆனால் விரல் திறக்கமாட்டேன் என்கிறது. டூல் ரூமில் பதினெட்டு வருடம் இறுக்கிப் பழகிய கை. நாற்பது ஐம்பது அடி போன பிறகு எப்படியோ விட்டேன். விட்ட உடனே பட்டம் சாதுவாக ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

கரைக்கு வந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தாத்தா ஞாபகம் வந்தார். மாட்டைத் தண்ணிக்கு ஓட்டிப் போகும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார்: கயிற்றைக் கையில் சுற்றாதே. இங்கே வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மாடு ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். எருது விடும் விழாவில் கயிறு பிடிக்கிற பையன்களுக்கு நன்றாகவே தெரியும். மாடு மிரண்டால் கயிற்றை விட்டுவிடணும்; மாட்டைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். சுற்றி வைத்திருந்தால் மாடு போகிற இடத்துக்கு நீயும் போவாய். மணிக்கு நாலாயிரம் ரூபாய் கட்டி நான் படித்த பாடத்தை எங்கள் தாத்தா சும்மாவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கம் நடந்ததை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அந்த வடமராட்சிப் பகுதிக்காரர்கள் பெரிய பெரிய பட்டம் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் நடக்கிற பட்டப் போட்டி பேர்போனது. அன்று நண்பர்கள் சிலர் சேர்ந்து தடித்த கயிற்றில் ஒரு பெரிய பட்டம் ஏற்றினார்கள். பட்டம் திடீரென்று ஏறியது. கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. முப்பது நாற்பது அடி உயரம் போய்விட்டார். கீழே இருந்து எல்லோரும் கத்தினார்கள். பட்டம் சற்றுத் தாழ்ந்த நேரத்தில் விட்டு விழுந்து, நல்ல வேளை, உயிரோடு தப்பினார். தரையில் கால் இருந்தபோது விடுவதற்கு அவருக்கு ஒரு நொடி இருந்தது. அது தப்பினால் அப்புறம் விடுவதும் ஆபத்து, பிடிப்பதும் ஆபத்து.

அதனால் இந்த விளையாட்டில் விடுவதற்கு மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதல் படி, கம்பியை விடுவது. பட்டம் இடுப்போடு மாட்டியே இருக்கும், இழுவை பெரும்பாலும் போய்விடும். இரண்டாவது, இந்தச் சிவப்புப் பிடியைத் தள்ளினால் இடுப்புக் கொக்கியிலிருந்து எல்லாம் கழன்று, ஒரே ஒரு கயிற்றில் பட்டம் கொடியில் போட்ட துணி மாதிரித் தொங்கும். மூன்றாவது, அந்தக் கடைசிக் கயிற்றையும் கழற்றிப் பட்டத்தையே கடலுக்குக் கொடுத்துவிடுவது. ஒரு லட்ச ரூபாய் போகிறதே என்று யோசிக்கிற நொடியில்தான் ஆள் போவான். நல்ல பயிற்சியாளர் முதல் நாளே தரையில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, இந்தப் பிடியை இருபது முப்பது தடவை தள்ளச் சொல்வார். அப்படிச் செய்யாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மற்றப் பாடங்களை வேகமாகச் சொல்கிறேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், உங்களுக்கு எதிரே அரை வட்டமாக ஒரு கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலைக்கு மேல் 12 மணி. அங்கே பட்டம் சும்மா நிற்கும். இரண்டு ஓரத்திலும் அப்படித்தான். நடுவில், உங்களுக்கு நேர் எதிரே, தாழ்வாகப் பாய்ந்தால்தான் முழு இழுவை. அதுதான் ஆபத்தான இடம், அதுதான் ஓட்டுகிற இடமும். முதலில் 2 அல்லது 3 சதுர மீட்டர் சின்னப் பட்டத்தைத் தரையில் வைத்து இந்தக் கடிகாரத்தைப் பழக வேண்டும். பிறகு பலகை இல்லாமல் தண்ணீரில் உடம்பை இழுக்கவிட்டுப் பழகணும். விழுந்த பட்டத்தைத் தண்ணீரிலிருந்து எழுப்பணும். அதற்கப்புறம்தான் பலகை. மல்லாக்கப் படுத்து, பலகையைக் காலில் மாட்டி, பட்டத்தை 12லிருந்து ஒரு பக்கம் பாயவிட்டால் அது உங்களைத் தூக்கி நிறுத்தும். நிற்கிற அந்த முதல் நாலு விநாடிக்காகத்தான் இவ்வளவும். நின்ற பிறகு காற்று போகிற பக்கமே போய்க்கொண்டிருப்பீர்கள். கிளம்பிய இடத்துக்குத் திரும்பி ஓட்டிவரத் தெரிய இன்னும் பல நாள் ஆகும். அதுவரை பட்டத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்துதான் திரும்ப வேண்டும். நான் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

எங்கே போய்க் கற்பது? தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு இடம்: தூத்துக்குடியும் ராமேஸ்வரம் தீவும். தூத்துக்குடியில் அக்வா அவுட்பேக், ராமேஸ்வரத்தில் குவெஸ்ட் என்று பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கடல் எல்லா ஊரிலும் இருக்கும்போது இந்த இரண்டு இடம் ஏன்? மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைப் பக்கம் மலையில் இடைவெளி இருக்கிறது. அடைபட்ட காற்று அந்த வாசல் வழியாகப் பீறிட்டு வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அந்த வாசலில்தான். அதே காற்று கிழக்கே கடலைப் போய்ச் சேர்கிற கரை தூத்துக்குடி. மே மாதத்திலிருந்து செப்டம்பர்வரை அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை.

ராமேஸ்வரத்துக்கு வேறு ஒரு அதிர்ஷ்டம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஒல்லியான தீவு. கோடையில் தெற்கிலிருந்து ஒரு காற்று, மார்கழி தையில் வடகிழக்கிலிருந்து இன்னொன்று. எது அடித்தாலும் தீவின் ஏதோ ஒரு பக்கம் தண்ணீர் தட்டையாக, ஆழம் குறைவாக இருக்கும். அங்கத்திய மீனவர்கள் காற்றுக்கு வைத்திருக்கிற பெயர்களைக் கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்: தெற்கிலிருந்து வந்தால் சோழகம், மேற்குப் பக்கத்தது கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. நமக்குக் காற்று என்றால் ஆடிக்காற்று ஒன்றுதான்.

பெயர் எதுவானாலும் ஒரு விதி மாறாது. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்றில் இறங்கவே கூடாது. ஏதாவது கோளாறு என்றால் அது உங்களை இலங்கைப் பக்கம் கொண்டுபோய்விடும். கரைக்குப் பக்கவாட்டில் அடிக்கிற காற்றுதான் பழகுவதற்கு நல்லது. கறுத்த மேகம் வந்தால் முதலில் காற்று செத்துப்போகும், அதற்குப் பின்னாலேயே அறைந்துகொண்டு வரும். செத்துப்போகிற அந்த நேரத்திலேயே பட்டத்தை இறக்கிவிட வேண்டும். உள்ளங்கையால் தலையைத் தட்டிக் காட்டினால், பட்டத்தைப் பிடித்து இறக்கிக் கொடுங்கள் என்று கரையில் நிற்பவருக்குச் சைகை. எந்த நாட்டுக் கடற்கரையிலும் இது புரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடல் நமக்காகக் காத்துக் கிடக்கிற மைதானம் இல்லை. கரைவலை இழுப்பார்கள்; மணலிலிருந்து கடலுக்குள் நீளக் கயிறு போகும். நம் கயிறு அதில் சிக்கினால் வலையும் போகும், நாமும் போவோம். ஆழமில்லாத இடத்தில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடல்பாசி எடுப்பார்கள். அவர்கள் இருக்கிற பக்கம் பட்டத்தைப் பறக்கவிடுவது திமிர். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே இறங்கக் கூடாது. பாக் விரிகுடாவில் 2022இல் கடல்பசுவுக்கென்றே ஒரு காப்பகம் அறிவித்திருக்கிறார்கள். போகிற ஊரில் எங்கே வேண்டாம் என்று முதலில் மீனவர்களிடம் கேளுங்கள், ரிசார்ட்காரரிடம் அப்புறம் கேட்கலாம். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டை அந்தக் கரைகளில் சொல்லிக்கொடுக்கிற வேலை முழுக்க அந்தக் குப்பத்துப் பையன்களுக்கும் பெண்களுக்குமே போக வேண்டும். எனக்குக் கம்பியை விடச் சொன்ன தம்பிக்குக் காற்றைப் படிக்க எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

இப்போது நீங்கள் எல்லோரும் மனதில் வைத்திருக்கிற கேள்வி: நம்ம கே.ஆர்.பி. அணையில் செய்யலாமா? கூடாது. சுற்றிலும் மலை, காற்று மலையில் மோதி உடைந்து, சுழன்று, விட்டு விட்டுத்தான் வரும். பட்டத்துக்குத் தேவை நூல் பிடித்த மாதிரி சீரான காற்று. இருபது மீட்டர் கயிற்றுக்கு எட்டுகிற தூரத்தில் மின்கம்பி இருந்தால் கேட்கவே வேண்டாம். கெலவரப்பள்ளி அணையைப் பற்றி ஒருவர் கேட்டார். பெங்களூரிலிருந்து வருகிற அந்தக் கழிவுநீர் நுரைக்குள் இறங்குவதற்கு நான் யாருக்கும் பாடம் சொல்ல மாட்டேன்.

செலவு அதிகம்தான், மறைக்க விரும்பவில்லை. புதிதாகப் பட்டம், கம்பி, பலகை, இடுப்புப் பட்டை எல்லாம் எடுத்தால் ஒரு நல்ல பைக்கின் விலையைத் தாண்டிவிடும். பயிற்சிக்குத் தனி. முதலில் பயிற்சி நிலையத்துப் பட்டத்திலேயே பழகுங்கள், நாலைந்து நாளில் இது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவந்தால் பழைய சாமான் வாங்கலாம், ரொம்பப் பழசு மட்டும் வேண்டாம். அந்தக் காலத்துப் பட்டங்களில் இழுவையை விடுகிற வசதி இவ்வளவு சரியாக இருக்காது.

இது பணக்காரன் ஆட்டம், வெள்ளைக்காரன் ஆட்டம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக இதைச் சேர்த்தார்கள், போட்டி மார்சேய் கடலில். ஆண்களில் தங்கம் ஆஸ்திரியாவுக்கு. அந்த நாட்டில் கடலே கிடையாது. வெண்கலம் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடருக்கு, அப்போது பதினேழு வயது. அவன் பதக்கம் வாங்கிய ஆகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய நாள். நம் ஊரிலிருந்து சிங்கப்பூர் போயிருக்கிற பிள்ளைகளைக் கேட்டால் அன்றைக்கு அங்கே என்ன கொண்டாட்டம் என்று சொல்வார்கள். ஆஸ்திரியாக்காரனால் முடிந்தால் குந்தாரப்பள்ளிக்காரனுக்கு என்ன?

ஆனால் ஒரு நிபந்தனை. நீச்சல். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே, ஆழம் இடுப்பளவுதானே என்பதெல்லாம் பேச்சுக்கு. நம் மாவட்டத்தில் லீவு நாட்களில் கல்குவாரிக் குட்டையிலும் அணையிலும் பையன்கள் முங்கிப் போகிற செய்தியைப் பேப்பரில் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. இங்கே வரும்போது பார்த்தேன், முன் வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறீர்கள். நீச்சல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். ஆறு. பெண் பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. பெற்றோர்களே, பட்டத்தை மறந்துவிடுங்கள், இந்த வருடத்துக்குள் இந்த மீதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள். ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிச் சொல்லிக்கொடுத்த தலைமுறை இன்னும் இங்கே உட்கார்ந்துதான் இருக்கிறது.

மாஞ்சா நூல் பற்றித் தம்பிகள் சிலர் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. நைலான் மாஞ்சாவை 2017இலேயே பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. பைக்கில் போகிறவன் கழுத்தை அறுக்கிற நூல் அது. அதைக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் எதையும் கற்றுக்கொடுப்பதாக இல்லை.

அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு வற்றிக் கிடக்கிற ஏரியில் 2 சதுர மீட்டர் பயிற்சிப் பட்டத்தோடு நிற்பேன். மின்கம்பி இல்லாத மேற்குக் கரைப் பக்கம், நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன். ஆடி முடியும்வரை காற்று இருக்கும். வருகிறவர்கள் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். மூன்றாவது வரிசை ஐயா, நீங்கள் கட்டாயம் வரணும்; மாட்டுக்கயிறு பிடித்த கை உங்களுடையது, முதல் ஆள் நீங்கள்தான்.